அரை மாத்திரை

திரையில் இரண்டு ஃபேடர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றின் அடியில் 'அம்மா' என்றும் மற்றதன் அடியில் 'பெரியம்மா' என்றும் தட்டச்சு செய்திருக்கிறேன். சித்திரையில் பதிந்த பாட்டு, ஆடி பிறந்துவிட்டது. நாலு நிமிடத்துக்குச் சற்று மேலே ஓடுகிற ஒரு முளைப்பாரிக் கும்மி. மிச்சமிருக்கும் வேலை, இரண்டு குரலையும் எந்த அளவில் வைப்பது என்று முடிவுசெய்து ஒரே கோப்பாக இறக்குவது மட்டும்தான். கல்யாண வீட்டு மைக் செட்காரர் ஒரு கையில் காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு மறு கையால் செய்துவிடுகிற வேலை. எனக்கு மூன்று மாதமாக ஓடவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்கிறேன். பெரியம்மாவின் ஃபேடரை ஒரு டெசிபல் ஏற்றுகிறேன், அரை டெசிபல் இறக்குகிறேன், பிறகு இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் படுக்கப் போகிறேன். சோம்பல் என்று முதலில் நினைத்தேன். தொழில் தெரியாதவனின் கூச்சம் என்று பிறகு நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பத்திரத்தைப் படிக்கவிடாமல் பேனாவை மட்டும் நீட்டி, சாட்சிக் கையெழுத்துப் போடு என்றால் கை எப்படித் தயங்குமோ அப்படித் தயங்குகிறது.

பாட்டைப் பதிந்த மிக்ஸர் பழையது. மெல்லிசைக் குழு நடத்தி ஓய்ந்துபோன ஒருவரிடம் வாங்கினேன். ஃபேடர்களுக்குக் கீழே ஒட்டியிருந்த காகித டேப்பைக்கூட அவர் உரிக்கவில்லை. 'மேல்', 'லேடி', 'கீபோர்டு', 'பேட்', 'தபேலா' என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதியது பழுப்பேறிக் கிடந்தது. 'லேடி'க்கு மேலே இருந்த ஃபேடர் மட்டும் மற்றவற்றைவிடத் தளர்வாக ஓடியது. அதைத்தான் அதிகம் ஏற்றி இறக்கியிருப்பார்கள் போலிருக்கிறது. எட்டு சேனல், கம்ப்யூட்டரோடு யுஎஸ்பி கேபிளில் இணைக்கலாம் என்றார். இரண்டும் உண்மை. இரண்டு உண்மைக்கும் நடுவில் இருந்த பள்ளம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. எட்டு வழியாக உள்ளே போகிற ஒலி கம்ப்யூட்டருக்கு எட்டாகப் போவதில்லை. உள்ளேயே கலந்து, இடது வலது என்று இரண்டாகத்தான் போகிறது. விலை குறைந்த யுஎஸ்பி மிக்ஸர்களில் பெரும்பாலானவை இப்படித்தான். தனித்தனித் தடங்களாக வேண்டுமென்றால் ஒவ்வொரு சேனலையும் தனியே அனுப்புகிற மிக்ஸரோ, பல மைக்குகளை வாங்கிக்கொள்ளும் ஆடியோ இன்டர்ஃபேஸோ வேண்டும். பிரிப்பதற்கு ஒரு கருவி தேடிப்போய், கலப்பதற்கான கருவியைச் சுமந்து வந்திருக்கிறேன். பேரிலேயே அது எழுதியிருந்தும். சின்ன வயதில் மிக்சர் பொட்டலத்திலிருந்து நிலக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிடுவேன். மிச்சமிருக்கும் ஓமப்பொடியை யாரும் சீந்த மாட்டார்கள். "கலந்தத கலந்தபடி திங்கணும்டா" என்று பெரியம்மா கையைத் தட்டிவிடுவாள். அந்தத் தட்டு இப்போதும் புறங்கையில் இருக்கிறது. ஆனாலும் ஒரு குறுக்குவழி கிடைத்தது. ஒவ்வொரு சேனலிலும் 'பேன்' என்றொரு சின்னக் குமிழ் உண்டு. ஒலியை இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுக்குவது. முதல் மைக்கை முழுக்க இடது, இரண்டாவதை முழுக்க வலது என்று ஒதுக்கிவிட்டால் ஸ்டீரியோவின் இரண்டு பக்கமும் இரண்டு தனித் தடமாகிவிடும். பதிந்த பிறகு அதை இரண்டு மோனோவாகப் பிரிக்க, நான் பதியப் பயன்படுத்தும் ஆடாசிட்டி மென்பொருளிலேயே கட்டளை இருக்கிறது. மிக்ஸரில் உள்ள எக்கோ, ரிவெர்ப் எல்லாவற்றையும் அணைத்து, பாஸ், ட்ரெபிள் குமிழ்களை நட்டநடுவில் நிறுத்திவிட வேண்டும். அங்கே பூசியது தடத்தோடு ஒட்டிக்கொள்ளும்; பிறகு கழுவ முடியாது. எட்டுத் தடம் கேட்டவனுக்கு இரண்டு கிடைத்தது. பாட இருந்தவர்களும் இரண்டு பேர்தான்.

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், தலைக்குமேல் மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்கள். முதல் நாள் மைக்கைச் சொருகி ஹெட்போனை மாட்டியபோது பாட்டுக்கு முன்னால் வீடு கேட்டது. மின்விசிறி, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், பக்கத்து வீட்டுக் குக்கர், வேப்பமரத்து அணில். எல்லாவற்றுக்கும் அடியில், யாரோ வாயை மூடிக்கொண்டு ஓயாமல் முனகுவதுபோல ஒரு ரீங்காரம். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதன் முனகல் 50 ஹெர்ட்ஸிலும் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸிலும் கேட்கும். ஆர்மோனியத்தில் வைத்துப் பார்த்தேன். ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே, ஐந்தரையைத் தொடாமல் நின்றது. பெண்கள் எடுத்துப் பாடுகிற சுருதி. நம் வீடுகள் எல்லாம் இரவும் பகலும் ஏறத்தாழ ஐந்து கட்டையில் தம்புரா மீட்டிக்கொண்டிருக்கின்றன என்பது இத்தனை வயதுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிகிறது. லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டியதும் ரீங்காரம் பாதிக்குமேல் அடங்கியது. மிக்ஸருக்கு ஒரு எர்த், லேப்டாப்புக்கு ஒரு எர்த், நடுவில் கேபிள். மூன்றும் சேர்ந்து போட்ட வளையம் அது. மிச்ச முனகல் ஃபிரிட்ஜுடையது. அதை அணைத்துவிட்டு, மறுபடி போட மறந்துவிடாமல் இருக்க வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைப்பது ஒலிப்பதிவுக்காரர்களின் பழைய தந்திரம். நானும் வைத்தேன். வெறும் சுவர்களுக்கு நடுவில் நின்று கையைத் தட்டினால் ஓசை சுவருக்குச் சுவர் தாவிச் சிறகடித்தது. இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தேன். பீரோவின் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்தேன். அடுக்கிவைத்த சேலைகளைப் போல ஓசையைக் குடிக்கிற பொருள் வீட்டில் வேறில்லை. மின்விசிறியையும் நிறுத்திய பிறகு, சித்திரை வெயிலில் அந்த அறை அவியல் பானை. இவ்வளவு செய்தும் அமைதி வரவில்லை. சத்தங்கள் ஒவ்வொன்றாக விலக, அதனதன் அடியில் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் மேலே வந்தது. கடைசியில் எஞ்சியது என் மூச்சு.

பிரித்துப் பதிவது என்ற ஆசைக்கு வயது அதிகமில்லை. 1948இல் வெளிவந்த ஓர் இசைத்தட்டுக்காக லெஸ் பால் என்ற கிதார்க்காரர், ஹாலிவுட்டில் தன் வீட்டு கராஜில், தான் வாசித்ததன்மேல் தானே மறுபடி வாசித்து எட்டுக் கிதார்களை அடுக்கினார். டேப்கூட இல்லை; ஒரு தட்டில் பதிந்ததை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து வாசித்து, இரண்டையும் அடுத்த தட்டில் வெட்டுவது. ஏழாவது அடுக்கில் விரல் தவறினால் அந்தத் தட்டு போச்சு; வேறொன்றில் மறுபடி வெட்ட வேண்டும். 1967இல் வெளிவந்த 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தைப் பீட்டில்ஸ் பதிந்தபோது லண்டன் ஸ்டுடியோவில் இருந்ததும் நான்கு தட எந்திரங்கள்தான். நான்கும் நிரம்பினால் அவற்றை வேறோர் எந்திரத்தின் ஒன்றிரண்டு தடத்துக்குள் கலந்து இறக்கி, இடம் பண்ணிக்கொண்டு மேலே போவார்கள். இறக்கிய அந்த நிமிடத்தில் எது உரக்க, எது மெல்ல என்று வைத்தார்களோ அதுவே கல்வெட்டு. 1979இல் கேசட்டில் நான்கு தடம் பதிகிற போர்ட்டாஸ்டுடியோ வந்தது. வீட்டில் உட்கார்ந்து அதில் மாதிரிக்காகப் பதிந்த பாட்டுகளை ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் பிறகு முழு வாத்தியக் குழுவோடு பதிந்து பார்த்தார், திருப்தி வரவில்லை, 1982இல் 'நெப்ராஸ்கா' என்று வெளிவந்தது அந்தக் கேசட்தான். இவர்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. தடம் குறைவாக இருந்ததால் அவர்களுக்கு முடிவெடுக்கும் நேரம் வாசற்படியிலேயே வந்து நின்றது. என் லேப்டாப்பில் தடத்துக்குக் கணக்கே கிடையாது. 24 பிட், 48,000 சாம்பிள் என்று பதிந்தால் ஒரு தடம் நிமிடத்துக்கு எட்டரை எம்பிக்குச் சற்று மேலே பிடிக்கும். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது கொசு. எதையும் அழிக்க வேண்டாம், எதையும் இப்போதே தீர்மானிக்க வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தப் 'பிறகு'வைத்தான் கம்ப்யூட்டர் நமக்கு விற்கிறது. அந்தப் 'பிறகு'வுக்குள்தான் மூன்று மாதமாக உட்கார்ந்திருக்கிறேன்.

பதிவு நாளன்று பெரியம்மா பல்லாவரத்திலிருந்து ஆட்டோவில் வந்தாள். மெத்தை சுவரில் நிற்பதையும் பீரோ திறந்து கிடப்பதையும் பார்த்துவிட்டு, "வீடு காலி பண்றீகளாடா?" என்றாள். இரண்டு பேரும் மானாமதுரைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். முளைப்பாரி எடுக்கிற நாட்களில் பாரியை நடுவில் வைத்துச் சுற்றிவந்து பாடிய பாட்டு. முளை போட்ட நாள்தொட்டு ஒவ்வொரு நாளாகப் பயிரை வளர்த்துச் சொல்லிக்கொண்டே போகும். ஒரு நாள் விட்டுப்போனால் பயிர் நின்றுவிடும். ஊரில் பாட்டுக்காரி என்றால் அம்மாதான். இன்றைக்கும் ஊரிலிருந்து யாராவது வந்தால், "ஒங்கம்மா குரலு கம்மா தாண்டிக் கேக்கும்" என்று சொல்லாமல் போவதில்லை. பெரியம்மா கூடப் பாடுகிறவள். அவளைக் கேட்டாலும் அதையேதான் சொல்வாள்: "அவ பாடுவா, நா கூட நிப்பேன்." நாற்காலியில் உட்கார்ந்தால் பாட்டு வராது என்றார்கள். தரையில் பாய் விரித்தேன். மேடைக்காரர்கள் கையில் பிடிக்கிற டைனமிக் மைக் இரண்டு. கண்டென்சர் மைக் வைத்தால் தாம்பரம் ரயிலையும் சேர்த்துப் பதியும். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஹெட்போன் மாட்டினேன். கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பும் ஒலியைக் கேட்கவைத்தால் தாமதம் வரும். 1024 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு வழிக்கே 21 மில்லிசெகண்ட். ஏழு மீட்டர் தள்ளி நின்று தன் குரலைத் தானே கேட்பதற்குச் சமம். அதனால் மிக்ஸரிலிருந்தே நேராகக் கொடுத்தேன். அந்த விஷயத்தில் மிக்ஸர் தங்கம். அம்மா தன் குரலைக் காதுக்குள் கேட்டதும் முதலில் சிரித்தாள், அப்புறம் அவளை அறியாமல் அந்தக் குரலுக்குப் பாட ஆரம்பித்தாள். இழுக்கிற இடங்களை இன்னும் கொஞ்சம் இழுத்தாள். பெரியம்மா இரண்டாவது அடியிலேயே ஹெட்போனைக் கழற்றிப் பாயில் வைத்துவிட்டாள். "இதப் போட்டா அவ எங்கிட்டுப் போறான்னு தெரியலப்பா." சரி, இருவருக்கும் வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். கை தட்டாமல் பாடச் சொன்னேன். கைத்தட்டல் மைக்கில் அறைகிறது, மீட்டர் சிவப்பைத் தொடுகிறது, டிஜிட்டலில் பூஜ்யத்தைத் தாண்டினால் ஒலி கிழிந்துவிடும். தட்டாமல் அவர்களுக்கு வார்த்தையே வரவில்லை. மைக்கைத் தூரத் தள்ளி, அதன் ஒலியைப் பெருக்கி வாங்கும் கெயின் குமிழைக் குறைத்து, தட்டியே பாடுங்கள் என்றேன். மூன்றாம் முறை வந்ததுதான் திரையில் இருப்பது. அம்மா எடுத்த சுருதி ஐந்து கட்டையை ஒட்டியிருந்தது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ்தான் அடியெடுத்துக் கொடுத்ததோ என்று ஒரு சந்தேகம் உண்டு. நிரூபிக்க வழியில்லை.

அன்றைக்கு இரவே இரண்டையும் சேர்த்துக் கேட்டேன். எப்போதும் கேட்ட பாட்டுதான்: முன்னால் அம்மா, பின்னால் நிழல்போல பெரியம்மா. அதோடு விட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு தடத்திலும் 'சோலோ' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் அந்தத் தடம் மட்டும் ஒலிக்கும், மற்றவை வாயை மூடிக்கொள்ளும். எங்காவது இருமல், உரசல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் பெரியம்மாவின் சோலோவை அழுத்தினேன். வயதான குரல், நுனியில் நார் நாராகப் பிரிகிற குரல். ஆனால் ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் ஏதோ விசித்திரமாக இருந்தது. ஏழெட்டு அடி போன பிறகுதான் பிடிபட்டது. அவள் அம்மாவுக்கு முன்னால் தொடங்குகிறாள். உரக்க இல்லை; வார்த்தை முழுதாகவும் இல்லை. 'ம' என்று தொடங்குகிற அடியென்றால் உதடு கூடுகிற ஓசை, 'த' என்றால் நாக்கு பல்லில் ஒட்டுகிற ஓசை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு கண்ணிமைக்கிற நேரத்தில் அம்மாவின் குரல் முழுசாக எழுகிறது. எழுந்ததும் இவள் அதன் அடியில் போய் ஒதுங்கிக்கொள்கிறாள். நெருக்கிப் பெரிதாக்கி அளந்து பார்த்தேன். எண்பது மில்லிசெகண்ட், நூறு, பயிர் ஐந்தாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குப் போகிற இடத்தில் நூற்றைம்பது. அம்மா தடுமாறக்கூடிய இடங்களில் அவகாசம் கூடுகிறது. நம் இலக்கணக்காரர்கள் காலத்தை உடம்பால் அளந்தவர்கள். கண் இமைப்பதும் விரல் நொடிப்பதும் ஒரு மாத்திரை, புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கு அதில் பாதி. பெரியம்மா எடுத்துக் கொடுப்பது அந்தப் பாதியை. புள்ளி வைத்த மெய்யை அவள் நீட்டுகிறாள், அம்மா அதில் உயிரை ஏற்றிப் பாடுகிறாள். கம்மா தாண்டிக் கேட்ட குரலுக்கு ஐம்பது வருஷமாக யாரோ அரை மாத்திரை முன்னால் நின்று கதவைத் திறந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது.

கோடம்பாக்கத்தில் 'டிராக் பாடுகிறவர்' என்று ஓர் இனம் உண்டு. முன்பெல்லாம் பாடகரும் வயலின்காரர்களும் தபேலாக்காரரும் ஒரே கூடத்தில் சேர்ந்து பதிவார்கள். கடைசிச் சரணத்தில் ஒருவர் பிசகினால் எல்லாரும் பல்லவியிலிருந்து தொடங்க வேண்டும். தடங்கள் பெருகியபின் எல்லாரும் ஒரே நாளில் வர வேண்டிய அவசியம் போயிற்று. 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்து ரஹ்மான் அமைத்துக்கொண்ட ஸ்டுடியோவும், அங்கே உருவாகி 1992இல் வெளிவந்த 'ரோஜா'வும் அந்த முறையை ஊரறியச் செய்தன. பெரிய பாடகர் வருவதற்குமுன் மெட்டையும் வரிகளையும் ஒருவர் பாடிப் பதிந்து வைப்பார். வந்தவர் அதை ஹெட்போனில் கேட்டுக் கேட்டுத் தன் பாணியில் பாடுவார். பாடி முடித்ததும் டிராக் பாடியவரின் தடத்தை மௌனமாக்கிவிடுவார்கள். அந்தக் குரல் எங்கே மூச்சு வாங்கியது, எந்தச் சொல்லில் அழுத்தியது என்பதெல்லாம் இன்னொருவர் குரலுக்குள் போய்த் தங்கியிருக்கும். பேர் மட்டும் இருக்காது. பெரியம்மாவும் டிராக் பாடியிருக்கிறாள், ஒரு வித்தியாசத்தோடு: அதே நொடியில், அதே பாயில், அரை மாத்திரை இடைவெளியில். இதைக் கண்டுபிடித்த பெருமையில் ஒரு இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த நாள் காலையில் சந்தேகம் வந்தது. கருவியின் கோளாறை நான் பெரியம்மாவின் குணமாகப் படித்துவிட்டேனோ? இரண்டு தனித்தனி யுஎஸ்பி மைக்கில் பதிந்திருந்தால் அப்படி நடக்கலாம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கடிகாரம். லட்சத்தில் ஒரு பங்கு வேறுபட்டால்கூட ஒரு மணி நேரத்தில் 36 மில்லிசெகண்ட் விலகிவிடும். என் மலிவு மிக்ஸரில் இரண்டு தடமும் ஒரே கேபிளில், ஒரே கடிகாரத்தில் வந்தவை. குறை என்று நினைத்தது சாட்சியாக நின்றது. கைத்தட்டல்களை எடுத்து அளந்தேன். ஒருத்தி தட்டியது மற்றவளின் மைக்கை மூன்று நான்கு மில்லிசெகண்ட் கழித்துச் சேர்கிறது. இருவருக்கும் நடுவே ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இருந்ததால் அவ்வளவுதான் ஆக வேண்டும். கைகள் ஒன்றாக விழுகின்றன. குரல் மட்டும் முந்துகிறது.

அப்படியானால் பெரியம்மாவின் ஃபேடரை ஏற்றிவிட வேண்டியதுதானே என்று யாரும் கேட்பார்கள். ஏற்றினேன். மூன்று டெசிபல் ஏற்றினால் அடி தொடங்குமுன் யாரோ கிசுகிசுப்பதுபோல இருக்கிறது. ஆறு டெசிபல், அதாவது அலையின் உயரம் இரட்டிப்பு. அதில் அம்மா வார்த்தை மறந்தவளாகவும் பெரியம்மா பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகத்தில் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்கும் டீச்சராகவும் ஆகிவிட்டார்கள். யாருக்கும் கேட்கக் கூடாது என்பதற்காக ஒருத்தி ஆயுளெல்லாம் பழகிய நுட்பத்தை நான் ஒரு விரலால் பிழையாக மாற்றிவிட்டேன். சரி, அவளுக்கு நியாயம் செய்ய நான் யார், அவர்கள் பாடியபோது எப்படி ஒலித்ததோ அப்படியே விட்டுவிடுவோம் என்று இரண்டு ஃபேடரையும் பூஜ்யத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். அங்கேதான் நிஜமான பள்ளம் இருந்தது. பூஜ்யம் என்பது நடுநிலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதிவுக்கு முன் ஒவ்வொரு மைக்குக்கும் கெயின் வைத்தது நான். அம்மா பாடிக்காட்டினாள், மீட்டர் தாவியது, குமிழைப் பதினொரு மணி முள் நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். பெரியம்மா பாடிக்காட்டியபோது மீட்டர் எழவேயில்லை. மெல்லிய குரலுக்கும் நல்ல அளவு வேண்டும் என்று இரண்டு மணி வரை திருப்பினேன். பிறகு தட்டல் சிவப்பைத் தொட்டபோது இரண்டையும் உத்தேசமாகக் குறைத்தேன். ஒலிப்பதிவின் எந்த அரிச்சுவடியும் சொல்கிற சரியான முறைதான் அது. அதன் விளைவு, அந்த அறையில் அவர்கள் குரல்களுக்கு இடையே இருந்த விகிதம் இந்தக் கோப்பில் எங்கேயும் இல்லை. எவ்வளவு திருப்பினேன் என்று எழுதி வைக்கவும் இல்லை. அந்த மெல்லிசைக் குழுக்காரர் 'லேடி', 'மேல்' என்று எழுதிவைத்த அளவுக்குக்கூட எனக்குப் புத்தியில்லை. தீர்ப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மூன்று மாதமாக நினைத்திருந்தேன். அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே, மீட்டரைப் பார்த்துக்கொண்டு நான் தீர்ப்பு எழுதி முடித்திருந்தேன்.

விகிதம் முழுசாக அழியவில்லை என்பதும் ஒரு வேதனை. ஒரே அறையில் இரண்டு மைக் என்றால் ஒன்றின் குரல் மற்றதற்குள் கசியும். சுத்தமான தடம் வேண்டுகிறவர்கள் இந்தக் கசிவை ஒழிக்கத்தான் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். அம்மாவின் தடத்தில் பெரியம்மா, கூடத்தில் பாடுவது அடுக்களையில் கேட்பதைப் போலக் கேட்கிறாள். அந்தக் கசிவுக்குள் பழைய விகிதத்தின் சாயல் இருக்கிறது, தூரத்தையும் சேர்த்துக்கொண்டு, கலங்கிய சாயல். ஒரு இரவு பெரியம்மாவின் தடத்தை முழுக்க மௌனமாக்கிப் பார்த்தேன். போனது பெரியம்மா மட்டுமில்லை. அவள் மைக்கில் கசிந்திருந்த அம்மாவும் போய்விட்டாள். மிச்சமிருந்த அம்மாவின் குரல் சுவரைவிட்டு விலகி நிற்கும் பீரோ போல, முதுகில் எதுவும் இல்லாமல் நின்றது. பாலையும் நீரையும் பிரிக்கிற அன்னத்தைப் பற்றிப் படித்திருக்கிறோம். அந்தப் பறவைக்குப் பிரிக்கும் வித்தையைவிடப் பெரிய சௌகரியம் ஒன்று உண்டு: எது பால், எது நீர் என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை. நான் பிரித்து வைத்திருக்கும் இரண்டில் எது பால்? ஊர் சொன்னதை நம்பி நாற்பது வருஷம் ஒன்றைப் பால் என்றேன். இப்போது மற்றதைப் பால் என்று சொல்லத் துடிக்கிறேன். துடிப்பிலும் அதே அவசரம்தான்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தடவை பாடும்போது அந்த அரை மாத்திரைக்காகக் காதைக் கொடுப்பாள். அவ்வளவுதான், பாட்டு உடைந்துவிடும். பெரியம்மாவிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை பல்லாவரம் போனேன். கலக்காமலும் போகக் கூடாது என்பதால் இரண்டு ஃபேடரையும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓரிடத்தில் விட்டு, இறக்கி, அவள் ஃபோனுக்கு அனுப்பியிருந்தேன். பேரன் கழித்துப்போட்ட ஃபோன் அது. அடியில் ஒரே ஒரு ஸ்பீக்கர். நான் கஷ்டப்பட்டு ஒதுக்கிய இடதும் வலதும் அதில் ஒன்றாகக் கூடித்தான் ஒலிக்கும். அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டே, ஃபோனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்துக் கேட்டாள். குடம் வேறு கொஞ்சம் ரீங்கரித்தது. "தங்கச்சி கொரலு கொஞ்சம்கூடக் கொறையலடா" என்றாள். "ஒங்க குரல்?" என்றேன். "எங்கொரல எதுக்குடா கேக்கணும்?" என்று தண்டை ஒடித்துப் போட்டாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் முடிந்து ஆறாம் நாள் தொடங்க வேண்டிய இடத்தில், ஃபோனில் அம்மாவின் குரல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பெரியம்மாவின் உதடு கூடியது.